உறைமேல் முகவரி: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் பள்ளி நூலகங்களுக்கு நூல் தேர்வு செய்வோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும், பள்ளி நூலகங்களுக்கும் பொது நூலகங்களுக்கும் நூல்களைத் தேர்வு செய்யும் குழுக்களில் இருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறேன். பள்ளி நூலக அலமாரியின் சாவியும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் படிப்பதற்கென்று, வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த துக்கத்தை நேராகப் பேசுகிற, படித்து முடித்து மூடி வைக்கும்போது நெஞ்சுக்கு இதமாக இருக்கிற நாவல்கள் தமிழில் வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வாரத் தேர்வு வைத்தேன். வெளியூரில் பணிபுரியும் தந்தைக்கு, பள்ளி ஆண்டு விழாவைப் பற்றிக் கடிதம் எழுதுமாறு கேட்டிருந்தேன். எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய வினா என்பதால், அந்த வகுப்பில் ஐப்பசி மாதம் தந்தையை இழந்த ஒரு மாணவி உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவள் எழுந்து நின்று எதுவும் கேட்கவில்லை. விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த இரவில்தான் அவளுடைய தாள் கைக்கு வந்தது. இடமும் நாளும் இட்டு, 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று விளித்து, 'இங்கு நான், அம்மா, தம்பி அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்' என்று, நான் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கற்றுக்கொடுத்த அதே முறையில் தொடங்கியிருந்தாள். ஆண்டு விழாவில் தான் கும்மியில் ஆடியதையும், அம்மா வந்திருந்ததையும், தம்பி கூட்டத்தில் செருப்பைத் தொலைத்ததையும் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதியிருந்தாள். கீழே அடிக்கோல் வைத்து நேர்த்தியாகக் கட்டம் போட்டு, 'உறைமேல் முகவரி' என்று தலைப்பும் இட்டு, 'பெறுநர்' என்ற சொல்லோடு நிறுத்தியிருந்தாள். அதற்குக் கீழே அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. முகவரி எழுதாவிட்டால் ஒரு மதிப்பெண் குறைக்க வேண்டும் என்பது விதி. சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இது முதல் தவறும் அன்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாறு நாள் விடுப்புக்குப் பிறகு மொட்டைத் தலையோடு வகுப்புக்குள் வந்த ஒரு சிறுவனிடம், "எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வந்தே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வேளாங்கண்ணிக்கும் வைத்தீசுவரன் கோயிலுக்கும் போய் முடி இறக்கிவிட்டு வருவது வழக்கம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பாவுக்குக் காரியம் அம்மா" என்றான். வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்த அமைதி அன்றோடு முடியவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அவனுக்கு முடி வளரும்வரை அவனோடு எப்படிப் பேசுவது என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எதையாவது சொல்லி அழவைத்துவிடுவோமோ என்று பயந்து, மதியச் சத்துணவுக்குக்கூட அவனை விட்டுவிட்டே போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் என்ன சொல்ல வேண்டும் என்று நானும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை, எனக்குமே தெரிந்திருக்கவில்லை.

நம்முடைய இழவு வீட்டில் பெரியவர்களின் துக்கத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். வந்த உறவுக்காரி ஒவ்வொருத்தியும் அந்த வட்டத்துக்குள் கையை நுழைத்துத் தன் பங்குக்கு ஓர் அடி சொல்லி அழுதுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பங்காளிக்குத் தீட்டுக் காக்கும் முறை இருக்கிறது. சம்பந்திக்குக் கோடி போடும் முறை இருக்கிறது. யார் பந்தல் போடுவது, யார் காப்பி கொடுப்பது, பதினாறாம் நாள் யார் தலைப்பாகை கட்டுவது என்பதுவரை எல்லாவற்றுக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை நிற்பதற்கு மட்டும் அங்கே ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. மிகச் சிறியதுகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். சற்று வளர்ந்த ஆண்பிள்ளையின் கையில் கொள்ளிச்சட்டியைக் கொடுத்து, "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை, நீ அழுதா அம்மா தாங்குவாளா?" என்கிறோம். பெண்பிள்ளையிடம், "தம்பிய நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிக் குடத்தைக் கொடுத்துத் தண்ணீர் பிடிக்க அனுப்புகிறோம். அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு அந்தப் பிள்ளையின் அழுகை அடைபட்டுப் போகிறது. காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள், அவன் அடைபட்ட அழுகையோடு என் வகுப்புக்கு வந்துவிடுகிறான்.

அரசு இப்பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இட்டு, 18 வயது நிறைவடையும்போது வட்டியோடு வழங்கப்படும் என்று 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தைகளுக்கு மூன்று லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2025இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் ஆதரவற்ற குழந்தைகளுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் தருகிறது. இவை பெரிய உதவிகள். வாங்கிப் பயனடைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அன்று மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் இருந்தவர்கள் இன்று உயர்வகுப்புகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். வைப்புத்தொகை கைக்கு வருவதற்குள் அவர்கள் கடக்க வேண்டிய நான்கைந்து ஆண்டுகளில்தான் குரல் உடைகிறது, பூப்பெய்துகிறார்கள், பொதுத்தேர்வு வருகிறது, இறந்துபோனவருடைய குரல் நினைவிலிருந்து மெல்ல நழுவத் தொடங்குகிறது. அந்த ஆண்டுகளில் அவர்கள் கையில் எதைக் கொடுப்பது என்பதே என் கேள்வி.

எங்கள் கடற்கரைக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அன்று பிழைத்த பிள்ளைகள் வளர்ந்து, இன்று தங்கள் பிள்ளைகளை என்னிடம் படிக்க அனுப்புகிறார்கள். அவர்களில் ஒரு தாய், கையொப்பமிட வந்தபோது நூலக அலமாரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுனாமியைப் பற்றிக் கட்டுரைப் புத்தகம் இருக்கிறதே, கதைப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எப்படி வந்தது, எவ்வளவு உயரம் வந்தது என்பதைப் பிள்ளைக்குத் தானே சொல்லிவிட முடியும் என்றும், அதற்குப் பிறகு பாட்டி வீட்டில் தான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வரவில்லை என்றும் சொன்னார். என்னிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

அலமாரியில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் 'நுழை, நட, ஓடு, பற' என்னும் நான்கு நிலைச் சிறு நூல்கள் வந்த பிறகு, எழுத்துக்கூட்டவே திணறிய பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒரு கதையைப் படித்து முடிப்பதைக் கண்ணால் கண்டேன். அதற்காக நான் மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் பறக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை அடுத்து எந்தக் கிளையில் போய் உட்காரும்? அலமாரியின் ஒரு பக்கத்தில் முயலும் ஆமையும் பேசும் கதைகளும் தெனாலிராமனும் அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளும் இருக்கின்றன. மறுபக்கத்தில் பெரியவர்களுக்கான சரித்திர நாவல்கள் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே, தன் வயதுள்ள ஒரு பிள்ளை தன் வீட்டைப் போன்ற ஒரு வீட்டில் தன் துக்கத்தோடு நடமாடும் புத்தகம் ஒன்றிரண்டு கிடைத்தாலே அரிது. அண்மைக் காலத்தில் 'இளையோர் நாவல்' என்ற பெயரில் நல்ல முயற்சிகள் தொடங்கியிருப்பதை அறிவேன். அவற்றுள்ளும் சாகசமும் துப்பறிதலும் சூழலியலும் வந்த அளவுக்கு, செத்துப்போன அம்மாவின் புடவை மடிப்புக் கலையாமல் இருக்கும் பீரோ வரவில்லை.

அலமாரியில் நைந்துபோய், இரண்டு முறை தைத்து ஒட்டிய புத்தகம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது ஜப்பானியரான டெட்சுகோ குரோயநாகி எழுதிய 'டோட்டோசான்'. டோட்டோசான் என்ற சிறுமி படிக்கும், ரயில்பெட்டிகளே வகுப்பறைகளான அந்தப் பள்ளிக்கூடம் நம் ஆசிரியர்கள் எல்லோருக்கும் பிடிக்கும். மேடைக்கு மேடை அதைத்தான் மேற்கோள் காட்டுகிறோம். பிள்ளைகள் மடக்கி வைத்திருக்கும் பக்கம் வேறு. இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட யாசுவாகிசான் என்ற நண்பனை டோட்டோசான் பாடுபட்டு மரத்தில் ஏற்றிவிடுவாள் அல்லவா, அந்தச் சிறுவன் பின்னால் இறந்துபோகும் பக்கத்தைத்தான் மடித்து வைத்திருக்கிறார்கள். அவன் படிக்கக் கொடுத்த புத்தகத்தை அவள் திருப்பிக் கொடுக்கும் முன்பே அவன் போய்விடுவான். சாவு பிள்ளைகளுக்கு ஆகாது என்று நினைக்கிறவர்கள், அந்தப் பக்கத்தின் ஓரத்தில் படிந்திருக்கும் விரல் அழுக்கை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வேறு வழி தெரியாமல், ஆங்கிலத்தில் இருந்த ஒரு நாவலை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைகளில் தமிழில் வாய்மொழியாகச் சொல்லத் தொடங்கினேன். 2011இல் வெளிவந்த 'எ மான்ஸ்டர் கால்ஸ்' என்னும் நாவல் அது. அதன் பிறப்பே ஓர் இழப்பில்தான் நேர்ந்தது. ஷிவான் டவுட் என்ற எழுத்தாளர் அக்கதையின் கருவையும் மாந்தர்களையும் தொடக்கத்தையும் உருவாக்கி வைத்துவிட்டு, எழுதி முடிக்கும் முன்பே 2007இல் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். அவரை நேரில் சந்தித்திராத பேட்ரிக் நெஸ் என்ற எழுத்தாளர் அதைத் தம் போக்கில் எழுதி முடித்தார். ஜிம் கே ஓவியங்கள் வரைந்தார். இங்கிலாந்தில் சிறார் எழுத்துக்கு வழங்கப்படும் கார்னகி பதக்கத்தையும், சிறார் நூல் ஓவியத்துக்கு அப்போது வழங்கப்பட்டுவந்த கேட் கிரீனவே பதக்கத்தையும் 2012இல் அந்த ஒரே புத்தகம் சேர்த்துப் பெற்றது. அதற்குமுன் எந்தப் புத்தகமும் அப்படிப் பெற்றதில்லை.

கானர் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவனின் தாய் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருக்கிறாள். கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் பழைய யூ மரம், நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடம் ஆனதும் பேருரு எடுத்து அவன் சன்னலுக்கு வருகிறது. மூன்று கதைகளைத் தான் சொல்வதாகவும், நான்காவது கதையை அவன்தான் சொல்ல வேண்டும் என்றும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த உண்மையைச் சொல்வதற்குத்தான் அவன் அஞ்சுகிறான். அம்மா இறந்துபோக வேண்டும் என்று அவன் விரும்பவில்லை. ஆனால் நாள்தோறும் அவள் இறந்துபோவாளோ என்று காத்திருக்கும் இந்த வேதனை எப்படியாவது முடிந்துவிடாதா என்று அவன் மனத்தின் ஒரு மூலை ஏங்குகிறது. அப்படி ஏங்கியதற்காகவே தனக்குத் தண்டனை வர வேண்டும் என்று நினைக்கிறான்.

அந்த இடத்தை நான் சொல்லி முடித்த அன்று மணி அடித்துவிட்டது. எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு ஓடிய பிறகும் ஒரு மாணவன் மட்டும் பெஞ்சைவிட்டு எழாமல் இருந்தான். அவனுடைய தாய் ஓராண்டுக்கு மேல் படுக்கையில் கிடந்து, முந்தைய கோடையில் இறந்திருந்தார். புண்ணுக்குத் துணி மாற்றிவிட்டதும், இரவில் தண்ணீர் கொடுக்க எழுந்ததும் அவன்தான் என்பது எனக்குத் தெரியும். மெதுவாக என் மேசைக்கு வந்து, "அம்மா, அது எல்லாருக்கும் தோணுமா?" என்று கேட்டான். தோன்றும் என்றேன். எனக்கும் என் தகப்பனார் கடைசியாகக் கிடந்த நாட்களில் தோன்றியது என்றேன். அதை அதற்குமுன் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் தலையை ஆட்டிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு போனான். மறுவாரம் முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்தான்.

அறிவுரை சொல்லி நான் அந்த உண்மையை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க முடியாது. "அம்மா போகட்டும் என்று நீ நினைத்தாயா?" என்று ஒரு பிள்ளையிடம் எந்த ஆசிரியரால் கேட்க முடியும்? கண்காணாத நாட்டிலுள்ள ஒரு பையனுக்கு அது நேர்ந்ததாகக் கதை சொன்னபோது, இந்தப் பையன் தானாகவே வந்து கேட்டான். இவ்வளவுதான் ஒரு நாவல் செய்தது. அதையும் நான் வாயால் சொல்லித்தான் செய்ய முடிந்தது. தமிழில் அச்சிட்ட புத்தகமாக இருந்திருந்தால், என்னிடம் வந்து கேட்கத் துணியாத இன்னும் இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போர்வைக்குள் வைத்துப் படித்திருப்பார்கள்.

உங்களில் சிலருடைய தயக்கம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர், தாத்தாவை இழந்த சிறுமியைப் பற்றி எழுதிய சிறு நாவலை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியபோது, நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, தாத்தா பிழைத்துக்கொள்வதாக முடிவை மாற்றிக் கொடுத்தால் போடலாம், சாவு இருந்தால் பள்ளிகளுக்கு விற்காது என்று பதில் வந்தது. அவர் மாற்றவில்லை, நாவலும் வரவில்லை. வணிகத்தில் கைப்பொருளை வைத்திருப்பவர்களின் அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. அமெரிக்காவில் கேத்தரின் பேட்டர்சன், தம் மகனின் தோழியான சிறுமி இடிமின்னல் தாக்கி இறந்துபோனதால் மகன் பட்ட துயரத்தைப் பார்த்து, 'பிரிட்ஜ் டு டெராபிதியா' என்ற நாவலை எழுதி 1977இல் வெளியிட்டார். மறு ஆண்டே அது, அங்கே சிறார் இலக்கியத்துக்கு வழங்கப்படும் நியூபெரி பதக்கம் பெற்றது. ஆனாலும் 1990களில் அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் மிகுந்த எதிர்ப்பைச் சந்தித்த புத்தகங்களின் வரிசையில் அது முன்னணியில் இருந்தது. எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதற்காக அங்குள்ள நூலகர்கள் எல்லாரும் அதை எடுத்துவிடவில்லை என்பதால்தான், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகப் பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளின் துக்கத்தை எழுதுவது அயல்நாட்டு வழக்கம் என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். புறநானூற்றின் 112ஆம் பாட்டு பாரி மகளிருடையது. மூவேந்தரும் முற்றுகையிட்டுத் தந்தையைக் கொன்று பறம்பு மலையையும் கொண்டபின், மணமாகாத அந்தப் பெண்கள் பாடிய ஐந்தே அடிகள்.

'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்'

என்று தொடங்கி, இந்த மாதத்து இந்த வெண்ணிலவில் குன்றையும் கொண்டார்கள், தந்தையும் எங்களுக்கு இல்லை என்பதோடு அந்தப் பாட்டு முடிந்துவிடுகிறது. ஆறுதல் சொல்லும் அடி ஒன்றுகூட இல்லை. விதி என்று சொல்லவில்லை, வீரன் மாண்டான் என்று பெருமை பேசவில்லை. போன பௌர்ணமி, இந்தப் பௌர்ணமி, அவ்வளவுதான். என் மாணவி, முகவரி எழுதாத அந்தப் பெண், பின்னொரு நாள் நூலக அறையில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது, தானாக ஒன்று சொன்னாள். "போன ஆயுத பூஜைக்கு அப்பாதான்மா வண்டிக்கெல்லாம் பொட்டு வச்சாரு. இந்த ஆயுத பூஜைக்கு வண்டியே இல்ல, வித்தாச்சு." பாரி மகளிரின் பாட்டை நான் இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன், கையறுநிலைத் துறை என்று எழுதிப்போட்டு, குறிப்பெடுக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அந்தப் பாட்டு எனக்குப் புரிந்தது.

ஆகவே, தமிழில் வர வேண்டிய நாவல் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி எனக்குச் சில எண்ணங்கள் உண்டு. நெஞ்சுக்கு இதமான கதை என்றவுடன், துக்கத்தை விரைவாக முடித்துவைக்கும் கதையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தந்தையை இழந்த சிறுவன் வெறிகொண்டு படித்துக் கலெக்டர் ஆகி, மாலை போட்ட படத்தின் முன் வந்து நிற்பதோடு முடியும் கதைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அந்தக் கதையைப் படிக்கும் சாதாரண மதிப்பெண் வாங்கும் பிள்ளை, தன் அப்பாவுக்குத் தான் பட்ட கடனை இன்னும் தீர்க்கவில்லை என்று குற்றவுணர்வைச் சேர்த்துச் சுமக்கிறது. அந்த நாவலில் ஒரு பிள்ளை கணக்கில் தோற்கட்டும். கோபத்தில் தம்பியை அடித்துவிட்டு அழட்டும். அப்பா இறந்த இருபதாம் நாள் நண்பர்களோடு சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்படட்டும். அம்மா மறுபடி பூ வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிக்கட்டும்.

இதம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். அது நம் வீடுகளிலேயே இருக்கிறது, யாரும் எழுதிப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டுக்குத் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அந்த விடியற்காலையில், கேட்காமலேயே, எதிர்வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் தூக்குவாளியிலும் வாழை இலை மூடிய தட்டிலும் அதிரசமும் முறுக்கும் வந்துகொண்டே இருக்கும். கொண்டுவரும் பெண் வாசற்படியில் நின்று, "பிள்ளைங்களுக்குக் குடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். அந்தப் பலகாரத்தை உண்ணலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கும் ஒரு பிள்ளையையும், முதல் துண்டைப் பிட்டு அதன் வாயில் ஊட்டும் பாட்டியையும் எழுதத் தெரிந்த எழுத்தாளர் தமிழில் இல்லையா என்ன? அத்தை வீட்டில் வளர்வதா, மாமா வீட்டில் வளர்வதா என்று பெரியவர்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருப்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் பிள்ளையின் நெஞ்சடைப்பை எழுதுங்கள். எண்ணூறு ரூபாய் ரீசார்ஜ் வீண் என்று தெரிந்தும் அப்பாவின் கைப்பேசி எண்ணை விடாமல் வைத்திருக்கும் அம்மாவை எழுதுங்கள். சண்டைக்காரச் சித்தப்பா சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுக்க வருவதை எழுதுங்கள். குடும்பம் என்பது இத்தனை பேர் சேர்ந்தது நமக்கு. துக்கத்தையும் இத்தனை பேரும் தங்களுக்குத் தெரிந்த விதத்தில், பல நேரம் தப்புத் தப்பாக, பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதைப் பிள்ளையின் கண் வழியாகப் பார்க்கும் நாவலே என் மாணவர்களுக்கு வேண்டும்.

பதிப்பாளர்களிடம் இரண்டு சிறு வேண்டுகோள்களும் உண்டு. பின்னட்டையில் 'இந்நூல் உணர்த்தும் நீதி' என்று அச்சிடாதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்தவுடன் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடும். மொழிபெயர்ப்பு வெளியிடுவதாயின், பேச்சு வரும் இடங்களில் தமிழ்ப் பிள்ளைகள் பேசுவதுபோல் பேசவிடுங்கள். அழுதுகொண்டிருக்கும் சிறுவன் 'நான் மிகவும் வருத்தமாக உணர்கிறேன்' என்று சொன்னால், அவன் அழுகையை எந்தப் பிள்ளையும் நம்பாது.

நூல் தேர்வுக் குழுவினரிடம் கேட்பது இது. இறப்பு வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நாவலை ஒதுக்க வேண்டாம். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முழுதும் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். சாவைக் காட்டிப் பயமுறுத்துகிற, அல்லது தன்னை மாய்த்துக்கொள்வதை ஒரு தீர்வுபோல் காட்டுகிற புத்தகத்தை நீங்கள் மறுத்தால் நான் உங்கள் பக்கம் நிற்பேன். தேர்ந்தெடுத்து அனுப்பும் நல்ல நூல்களுக்கும் 'இழப்பைச் சந்தித்த மாணவர்களுக்கு' என்று முத்திரை குத்தவோ, தனி வரிசையில் அடுக்கச் சொல்லவோ வேண்டாம். மொட்டைத் தலையோடு வந்த பிள்ளையைத் தனியாகப் பார்த்ததே நாங்கள் செய்த தவறு. அந்தப் புத்தகம் மற்றக் கதைகளுக்கு நடுவே இருக்கட்டும். தாய் தந்தை இருவரும் இருக்கிற பிள்ளையும் அதை எடுத்துப் படிக்கட்டும். நாளை பக்கத்துப் பெஞ்சில் இருப்பவனுக்கு ஒரு துக்கம் வரும்போது, சத்துணவுக்குப் போகையில் அவனையும் கூப்பிட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

இப்படிப்பட்ட கைப்பிரதி ஏதேனும் உங்கள் மேசையில் இருந்து, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்ற ஐயத்தில் நீங்கள் அதைத் தள்ளிவைத்திருந்தால், எங்களுக்கு ஒரு படி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இப்போதும் எங்களுக்கு நூலக வேளைதான். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படித்துக் கருத்துச் சொல்லக்கூடிய பிள்ளைகள் பதினோரு பேர் இருக்கிறார்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதித் தருவார்கள். அவர்கள் எழுதும் கடிதங்களில் உறைமேல் முகவரிக்குக் கீழே உங்கள் பதிப்பகத்தின் பெயரையும் தெருவையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் பிழையில்லாமல் எழுதச் சொல்லி, அஞ்சல் தலையை நானே ஒட்டி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியை,
நாகப்பட்டினம் மாவட்டம்.